மூணு கால் மயில்

கடிகாரம் செய்கிறவர்கள்கூட எங்கள் அட்டைக்காரரிடம் கேட்டுத்தான் மணியைத் திருப்பி வைத்திருப்பார்கள் என்று நான் சத்தியம் செய்வேன். தறிச் சத்தம் ஓயாத எங்கள் பிள்ளையார்பாளையத்தில் அப்படி ஒரு ஆள் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும். ஓட்டை போட்ட அட்டைகள் மாலையாகக் கோத்து அதில் சுற்றி வரும். ஓட்டை இருக்கிற இடத்தைப் பொறுத்து இழையைத் தூக்கும், சேலையில் மயிலோ மாங்காயோ விழும். அந்த அட்டைகளை அடித்துக் கொடுப்பதுதான் அவர் தொழில். "ஒரு ஓட்டை தப்பினா மயிலுக்கு மூணு காலு மொளைக்கும்மா" என்பார். இருபது வருஷத்தில் அவருடைய மயில் எதற்கும் அப்படி முளைத்ததில்லை. வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தருகிறேன் என்றால் ஆறு மணிக்கு அட்டைக் கட்டோடு வாசலில் நிற்பார். நாம் எழுந்திருக்கவில்லை என்றால் திட்டும் நமக்குத்தான்.

இந்த மனிதரிடம் போய் என் அம்மா, "அண்ணா, லீவுல பசங்கள மெட்ராஸ் இட்டுக்கினு போலாம்னு இருக்கறோம்" என்று சொல்லிவிட்டாள். வருஷத்துக்கு இரண்டு முறை சரக்கு வாங்க மெட்ராஸ் போய் வருகிறவர் ஆயிற்றே என்று வழி கேட்டாள், அவ்வளவுதான். அப்போது எனக்குப் பதினொரு வயது, தம்பி சேகருக்கு ஒன்பது. பெரம்பூர் சித்தி வீட்டில் தங்கி மூன்று நாள் ஊர் சுற்றுவதாக ஏற்பாடு.

மறுநாளே மூன்று அட்டைகளை நூலில் கோத்து எடுத்து வந்தார். நாளுக்கு ஒன்று. பஸ் ஏற ஓர் ஓட்டை, இட்லிக்கு ஓர் ஓட்டை, சிங்கம் பார்க்க ஓர் ஓட்டை, ஒன்றுக்குப் போக மட்டும் ஐந்து. இரண்டாம் நாள் அட்டையில் மாலை நாலு மணிக்குத் தனியாக ஓர் ஓட்டை இருந்தது.

"இது இன்னாண்ணா?" என்றாள் அம்மா.

"சேகரு அழுவான்."

"அவன் ஏன் அழுவணும்?"

"ஒம்போது வயசுப் புள்ளைய ரெண்டு நாளு வெய்யில்ல இட்டுக்கினு சுத்தினா, அழுவாம இன்னாம்மா பண்ணும்? அதுக்கும் கால் மணி நேரம் ஒதுக்கணும்ல?"

"நான் ஒண்ணும் அழ மாட்டேன்!" என்று கத்திய சேகர் அங்கேயே அழுதான். அட்டைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்.

பிறகு ஒத்திகை. தெருவில் நாலு பெஞ்சைப் போட்டு இதுதான் டவுன் பஸ் என்றார். கண்டக்டரும் அவரே. அம்மா புளிசாதத் தூக்கோடு முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஏறுவதற்குள் விசில் ஊதிவிட்டார். "பஸ்ஸு பூட்ச்சும்மா! புள்ளைங்க பஸ்ல, நீ ரோட்டுல!" ஏழாவது முறை அம்மா ஓடி வந்து தொற்றி ஏறியபோது தெருவே கை தட்டியது. கடலுக்குப் பதில் சர்வதீர்த்தக் குளம். எங்களைப் படியில் நிறுத்தி வைத்துக் குடம் குடமாகத் தண்ணீரை மேலே வீசி, "அலை வருது, பின்னால போ! அலை போவுது, முன்னால போவாத!" என்று கூவினார். துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு கரையேறிவிட்டார்கள்.

எல்லாம் ஆயிற்று, போவதுதான் பாக்கி. அங்கேதான் வந்தது வினை. நெசவுக்காரர் வீட்டுக்கு லீவு விடுவது பள்ளிக்கூடம் இல்லை, தறி. ஒரு பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஏற்றிய நூல், நெய்து முடிந்து அடுத்த பாவு ஏறுவதற்குள் கிடைக்கிற இடைவெளிதான் லீவு. "இந்தப் பாவு முடியட்டும், போலாம்" என்று அப்பா சொல்லிச் சொல்லி இரண்டு வருஷம் போயிருந்தது. இந்த வருஷமும் பாவு முடிந்த அன்றே, நூல் கொடுத்து நெய்ய வைக்கிற முதலாளி அடுத்ததை அனுப்பிவிட்டார். கல்யாண அவசரமாம், புது டிசைனாம்.

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா" என்றார் அப்பா.

அடுத்த வருஷம் நான் பெரியவளாகிவிடுவேன். என் சிநேகிதிகள் இரண்டு பேர் அப்படித்தான் வாசலோடு நின்றுபோனார்கள். எனக்கும் அதே கதிதான் என்று தெரியும். கடலைப் பார்க்காமலேயே வீட்டுக்குள் போய்விடப் போகிறேனே என்று கட்டி வைத்த பையின் மேல் படுத்து அழுதேன். டிசைன் தாளை வாங்க வந்த அட்டைக்காரர் என்னைப் பார்த்தார். தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை. அப்பா புதுப் பாவைப் பிணைத்து முடித்துவிட்டு அட்டைக்காகக் காத்திருந்தார். ஆறு மணி ஆயிற்று, ஏழு ஆயிற்று. அட்டைக்காரரைக் காணோம். ஆள் போய்விட்டாரோ என்றே எல்லோரும் பயந்துவிட்டார்கள். அப்பா சட்டைகூடப் போடாமல் ஓடினார், நானும் பின்னால் ஓடினேன்.

அவர் சாவகாசமாக வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். "தப்பு பண்ணிட்டேன்பா. மயிலுக்கு மூணு காலு வந்துட்டுது. மொத்தத்தையும் திரும்ப அடிக்கணும், திங்கக்கெழம ஆவும்."

"உனக்கா தப்பாச்சு? இன்னாண்ணா சொல்ற?"

"நானும் மனுசன்தானே? மூணு நாளு வெறுந்தறியப் பாத்துக்கினு உக்காந்திருப்பியா நீ? பத்து மணி பஸ்ஸுக்கு நேரம் இருக்குது. பசங்கள இட்டுக்கினு கெளம்புப்பா!"

போனோம். ஓடுகிற பஸ்ஸில் அம்மா தொற்றி ஏறியதைப் பார்த்து, "மெட்ராஸாம்மா நீ?" என்று கண்டக்டரே கேட்டார். இரண்டாம் நாள் சிங்கம் தூங்கிக்கொண்டே இருந்ததால் சேகர் அழுதான். மணி நாலு. கடலில் அலை வந்தபோது பின்னால் போனேன், அலை போனபோது முன்னால் போகவில்லை. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி கூச்சல் போட்டார். அப்பாவுக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு அட்டைக் கட்டு வாசலுக்கு வந்தது. அதற்குள் முதலாளி நடுத்தெருவில் நின்று அட்டைக்காரரைக் கிழிகிழி என்று கிழித்திருந்தார். தெருவும் அவருக்கு 'மூணு காலு' என்று பெயர் வைத்துவிட்டது.

கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சல்களை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவிதான் வாசலில் இருந்தார். "மூணு காலாவது, நாலு காலாவது! புதன்கெழமையே அட்டைய அடிச்சுக் கோத்து பரண் மேல வெச்சிட்டாரும்மா. நான் குடுத்துட்டு வரேன்னா, கைய வெச்ச பாருன்னு அடிக்க வந்தாரு."

அட்டைக்காரர் உள்ளேயிருந்து வந்தார். கிளிஞ்சலை நீட்டினேன்.

"சேகரு அழுதானா?" என்றார்.

"அழுதான் மாமா. நாலு மணிக்கு."

"அப்ப அட்டை சரிதான்" என்று சொல்லிவிட்டு, கிளிஞ்சலை வாங்கிக்கொண்டு வேலைக்கு உட்கார்ந்துவிட்டார்.

நான் நினைத்தபடியே அடுத்த வருஷம் வாசல் அடைத்துக்கொண்டது. ஆனால் நான் கடலைப் பார்த்துவிட்டிருந்தேன். கடைசி வரைக்கும் தெரு அவரை மூணு காலு என்றுதான் கூப்பிட்டது, அவரும் ஒரு நாள்கூட மறுத்துச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் மட்டும் அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. எங்களுக்கு அவர் எப்போதும் அட்டை மாமாதான்.