அத்தையின் தலைமாட்டில் ஓர் ஆள்காட்டிக் குருவி

மதிப்பும் அன்பும் மிகுந்த மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டும் இன்னும் உயிரோடு இருப்பவன், கல்லறைத் தோட்டத்துக் காவலாள், வணக்கத்தோடு எழுதுவது. வீட்டில் நானும் உங்கள் தங்கையும் சுகம். நான் வேலை பார்க்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு இனிமேல் சுகக்கேடு வர வழியில்லை. உங்கள் சுகத்தையும் உங்கள் வீட்டம்மாவின் முழங்கால் சுகத்தையும் அறிய ஆவல். நான் பள்ளிக்கூடம் போனது கொஞ்ச நாள், அதிலும் பாதி நாள் வாசலுக்கு வெளியே நின்றேன். ஆகவே எழுத்தில் பிழை இருந்தால் தள்ளிவிட்டு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளவும்.

விஷயம் இதுதான் மச்சான். அத்தையின் கல்லறைக்குப் பளபளவென்று கருங்கல் பலகை செய்யச் சொல்லிவிட்டதாகவும், அடுத்த வாரம் லாரியோடு வந்து பக்கத்தில் நின்று பதிக்கப் போவதாகவும் ஃபோனில் சொன்னீர்கள். பெற்ற பிள்ளையின் கடமை. அதில் மருமகன் மூக்கை நுழைக்கக் கூடாது. ஆனால் ஒரு மாதம் தள்ளிப்போட முடியுமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். ஃபோனில் கேட்டால் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள், நான் “சரிங்க மச்சான்” என்று வைத்துவிடுவேன். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது பாருங்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

கல் வரும்வரை மண் கரையாமல் இருக்க மேட்டின்மேல் சரளை கொட்டி வையுங்கள் என்று சொன்னது நீங்கள்தான். நானும் கொட்டினேன். சுற்றிலும் இடுப்பளவு புல், நடுவில் அம்சமாக ஒரு சரளை மேடு. அதைப் பார்த்த ஒரு ஆள்காட்டிக் குருவி, மைத்துனர் நமக்காகத்தான் மெத்தை போட்டிருக்கிறார் என்று நினைத்ததோ என்னவோ, ஒரு குச்சிகூடப் பொறுக்கி வைக்காமல் அத்தையின் தலைமாட்டில் நான்கு முட்டை இட்டுவிட்டது. முட்டையும் கல் நிறம், மேலே கறுப்புப் புள்ளி வேறு. எது கல், எது முட்டை என்று தெரியாமல் நான் மிதிக்கவே போனேன். அது எழும்பி என் தலைக்கு மேலே வட்டம் போட்டுக் கத்தியது பாருங்கள்! யாருடா நீ, எதுக்குடா வந்தே, உனக்கு இங்கே என்னடா வேலை. நான் பெண் பார்க்க வந்த அன்று உங்கள் அம்மா என்னைக் கேட்ட அதே கேள்விகள், அதே குரல்.

இதை வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் வீட்டில் சொல்லிவிட்டேன். உங்கள் தங்கை கரண்டியோடு திரும்பினாள்.

“எங்கம்மாவை ஒரு குருவியோட சேத்துப் பேசுறீங்களா? எங்க அது? காட்டுங்க பாக்கலாம்.”

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அத்தையை வைத்த நாளிலிருந்து அவள் கல்லறைத் தோட்டத்து வாசலைத் தாண்டவில்லை. எனக்கு மதியச் சாப்பாடு கொண்டு வந்தாலும் கேட்டுக் கம்பி வழியாக நீட்டிவிட்டுத் திரும்பிவிடுவாள். நானும் எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். அன்றைக்குச் சண்டை போடுகிற வேகத்தில் உள்ளே வந்துவிட்டாள். வந்தவளைப் பார்த்துக் குருவி கத்தோ கத்து. இவள் இரண்டு எட்டு பின்னால் வைத்தாள். அப்புறம், “சரி சரி, கத்தாத, தள்ளித்தான் நிக்கிறேன்” என்றாள். உங்கள் வீட்டில் அம்மாவுக்கும் மகளுக்கும் நடக்குமே, அதே தோரணை. தள்ளிப்போய்ப் புல்லுக்குள் உட்கார்ந்தாள். அழுதாளா சிரித்தாளா என்று நான் பார்க்கவில்லை மச்சான், தண்ணீர் பிடிக்கப் போவது போலப் போய்விட்டேன்.

இதற்கிடையில் நீங்கள் அளவெடுக்க அனுப்பிய கொத்தனார் வந்தார். முட்டை இருக்கிறது, இந்தப் பக்கம் நின்று அளந்துகொள்ளுங்கள் என்றேன். அவர் கேட்பாரா? அந்தக் குருவிக்கு இன்னொரு வித்தையும் தெரியும். ஆள் கிட்டே வந்துவிட்டால் இறக்கை ஒடிந்த மாதிரி இழுத்துக்கொண்டு தரையில் தத்தித் தத்தி வேறு பக்கம் போகும். நம்மைக் கூட்டை விட்டு அப்பால் கூட்டிப் போகிற தந்திரம். கொத்தனாருக்கு இளகிய மனசு. “அடப் பாவமே, ரெக்கை போச்சே!” என்று டேப்பைக் கையில் பிடித்தபடி அதன் பின்னாலேயே போனார். டேப்பின் மறுமுனை அத்தை காலடியில் கொக்கி மாட்டியிருந்தது. அவர் போகப் போக அது நீண்டுகொண்டே போனது. கண் முழுக்கக் குருவிமேல். மறுநாள் காலைக்காக நான் தோண்டி வைத்திருந்த குழிக்குள் அப்படியே இறங்கிவிட்டார். குருவி ஜம்மென்று பறந்து போய்விட்டது. டேப் சர்ரென்று சுருண்டு வந்து அவர் தலையில் விழுந்தது.

“அண்ணே, நான் இருக்கேனா போயிட்டேனா?” என்று உள்ளேயிருந்து சத்தம்.

“இருக்கீங்க, இருக்கீங்க. அது வேற ஒருத்தருக்குப் போட்ட இடம், ஏறி வாங்க” என்றேன்.

மேலே வந்தவர் அளவையும் மறந்தார், செருப்பையும் மறந்தார். இனிமேல் உயிரோடு இருக்கிறவர்களுக்குத்தான் கட்டுவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஆகவே நீங்கள் லாரியோடு வந்தாலும் பதிக்க ஆள் இல்லை என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளவும்.

இதுவரை விளையாட்டாக எழுதிவிட்டேன். இனி எழுதுவது விளையாட்டு இல்லை.

லாரி உள்ளே வர வழி வேண்டும். வழிக்குப் புல்லை எடுக்க வேண்டும். புல்லை எடுக்க மருந்து அடிப்பதுதான் இங்கே வழக்கமாகிவிட்டது. போன கோடையில் எங்கள் கமிட்டிச் செயலாளர், நல்ல மனிதர், தோட்டம் சுத்தமாக இருக்கட்டும் என்று கிழக்குப் பாதி முழுக்கக் களைக்கொல்லி அடிக்க வைத்தார். ஒரு வாரத்தில் எல்லாம் காய்ந்து பழுப்பானது. எல்லோரும் வந்து, “அடடா, இப்பத்தான் பாக்க லட்சணமா இருக்கு” என்றார்கள். நானும் முதுகு வளைக்கிற வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். பிறகுதான் ஒவ்வொன்றாகப் போனது. முதலில் வெட்டுக்கிளி. அதைத் தின்ன வரும் மைனா. காட்டுப்பூவில் மொய்க்கும் ஆரஞ்சு வண்ணத்துப்பூச்சி. முதல் மழைக்கு வேர் பிடிக்காத மண் கரைந்து ஓடி, தலைக்கல் எல்லாம் குடித்தவன் மாதிரிச் சாய்ந்தது. மண்ணைக் கொத்தினால் ஒரு புழு கிடையாது. குழி தோண்டுகிறவன் நான், புழு இல்லாத மண்ணில் மண்வெட்டி போடவே எனக்கு மனம் வரவில்லை மச்சான். நாம் போய்ச் சேர்ந்த பிறகு நம்மை மண்ணாக்கவாவது யாராவது அங்கே இருக்க வேண்டாமா?

செயலாளரின் அப்பா அந்தப் பாதியில்தான் இருக்கிறார். ஒரு நாள் காலையில் வந்து நின்றவர் என்னைக் கூப்பிட்டார்.

“ஏம்ப்பா, இந்தப் பக்கம் ஏன் இவ்வளவு அமைதியா இருக்கு?”

“கல்லறைன்னா அமைதியாத்தானே இருக்கும் சார்” என்று நான் வழக்கம்போல வாயடித்தேன்.

“இல்லப்பா. இது அந்த அமைதி இல்ல” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போதிருந்து அவர் அத்தை இருக்கும் மேற்குப் பாதிக்கு வந்து, சில்வண்டுச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, அப்புறம்தான் அப்பாவிடம் போகிறார். மேற்குப் பாதிக்கும் மருந்து வாங்கி ஷெட்டில் வைத்தாகிவிட்டது. லாரி வருகிறது என்றால் திறக்க வேண்டியதுதான், கல் வைப்பவர் குடும்பம் வேண்டாம் என்றால் திறக்கத் தேவையில்லை என்கிறார். ஆக, அது உங்கள் கையில்.

அந்த மேற்குப் பாதியில் இன்றைக்கு என்னென்ன இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள், உங்கள் தங்கையைக் கேளுங்கள். இப்போதெல்லாம் சாப்பாட்டோடு உள்ளே வந்துவிடுகிறாள். கீரி எந்த வழியாகப் போகும், நத்தை எந்தக் கல்லடியில் தூங்கும், எல்லாம் அவளுக்குத்தான் தெரியும். குருவி இப்போது அவளைப் பார்த்துக் கத்துவதில்லை. என்னைப் பார்த்தால் மட்டும் இன்னும் கத்துகிறது. அத்தையும் அப்படித்தானே.

ஆகவே ஒரே ஒரு மாதம். முட்டை பொரிக்கட்டும். அதற்குப் பிறகு உங்கள் இஷ்டம்.

பெரியவர்களுக்கு என் கும்பிடு, சின்னவர்களுக்கு என் ஆசி, உங்கள் வீட்டம்மாவுக்கு நான் கேட்டதாகச் சொல்லவும். குடும்பம் செழித்து, என் தொழிலுக்கு வேலை வைக்காமல் எல்லோரும் நீண்ட நாள் நலமாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் வீட்டுக்காரன்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் எல்லாம் தலைகீழாகிவிட்டது. இன்று காலை நான்கு முட்டையும் பொரிந்துவிட்டன. குஞ்சுகள் ஈரம் காய்ந்ததும் எழுந்து, தாயின் பின்னாலேயே மேட்டை விட்டு இறங்கிப் புல்லுக்குள் போய்விட்டன. மேட்டில் ஓடு மட்டும் கிடக்கிறது. ஆக, ஒரு மாதம் கேட்டதற்கு இப்போது காரணமே இல்லை. மேலே உள்ளதைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடலாமா என்று உங்கள் தங்கையைக் கேட்டேன். “இருக்கிறதை எழுதுங்க. எழுதிட்டு, ஒரு மாசம்னு போட்ட இடத்துல எப்பவும் வேணாம்னு போடுங்க. அண்ணன்கிட்ட நான் கேட்டேன்னு போடுங்க” என்றாள். இதோ, இங்கேயே போட்டுவிட்டேன். பலகையை வாசல் சுவரில் பதித்துக்கொள்ளலாம் என்று செயலாளரும் சொல்கிறார். லாரி வேண்டாம் மச்சான், நீங்கள் மட்டும் வாருங்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பார்த்துப் பார்த்துக் கால் வையுங்கள். குஞ்சுகள் புல்லுக்குள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று எங்களுக்கே தெரியவில்லை.