முதல் பாட்டுக்குப் பிறகு

முதுகுக்குப் பின்னால் 'டக்' என்று சத்தம் கேட்டபோதுதான், தான் ஆலயத்துக்கு வெளியே நிற்கிறோம் என்பது டைம்கீப்பருக்கு உறைத்தது.

சாவி உள்ளே, முன் பெஞ்சில், வேதாகம உறைக்குள் இருந்தது. கைபேசி வாசலருகே உள்ள கூடையில் கிடந்தது. ஆராதனைக்கு வருகிறவர்கள் எல்லாரும் கைபேசியை அதில் போட வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். முதல் ஆளாகப் போட்டவரும் அவரே.

பேருந்து நிலையத்தில் வண்டிகளை நேரம் பார்த்து அனுப்புகிற உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். விசில் ஊதிய பிறகு ஓடி வந்து ஏறுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. சபையில் மூப்பர் ஆனதும் அந்தப் பழக்கத்தைக் கையோடு கொண்டுவந்துவிட்டார். முதல் பாட்டு முடிந்தால் கதவு சாத்தப்படும். சாத்தினால் தானே பூட்டிக்கொள்கிற பூட்டைச் சொந்தச் செலவில் வாங்கி மாட்டினார். "எல்லாம் கிருபைதான்" என்று பாஸ்டர் பிரசங்கம் செய்தால் பலமாகத் தலையாட்டுவார். வெளியே வந்ததும், "கிருபைன்னாலும் அதுக்கு ஒரு நேரம் காலம் வேண்டாமா?" என்பார்.

இன்றைக்கு அவர் வெளியே வந்த காரணமும் அப்படிப்பட்டதுதான். பேக்கரி வைத்திருக்கும் மருமகனை இன்னும் காணவில்லை. சொந்தக் குழந்தையின் ஞானஸ்நானத்துக்கே தாமதம்! வாசலிலேயே அவனை மறித்து, "அடுத்த வாரம் நேரத்தோட வாங்க மாப்பிள்ளை" என்று சொல்லும் பாக்கியத்தை விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை.

கல்யாணத்தன்றும் அந்த மாப்பிள்ளை தாமதமாகத்தான் வந்தான். டைம்கீப்பர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், எழுந்தார், வீட்டுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து மகள் அவரோடு பேசவில்லை. போன வாரம்தான் தாயாரிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். "குழந்தையை அப்பா கையில ஏந்தட்டும். அன்னைக்கும் எழுந்து போனார்னா, இனிமே எனக்கு அப்பா இல்லை."

இரண்டாம் பாட்டு முடிந்ததும் ஞானஸ்நானம். முதல் பாட்டின் கடைசிச் சரணம் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் கதவைத் தட்டினார். உள்ளே பாட்டுச் சத்தம் கூடியது. ஓங்கிக் குத்தினார். கூரை அதிரப் பாடினார்கள். 'யாராவது கதவைத் தட்டினால் சத்தமாகப் பாடுங்கள்' என்று சபைக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். இவ்வளவு நன்றாகக் கற்றுக்கொண்டிருப்பார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

பின்பக்க அறைக்கு ஓடினார். அந்த வழியாக ஆட்கள் நுழைகிறார்கள் என்று, உள்ளே கதவை அணைத்தாற்போல் ஒரு இரும்பு அலமாரியை நிறுத்தி வைத்திருந்தார். தோளைக் கொடுத்து முட்டினார். அலமாரி சாய்ந்தது. அதிலிருந்த பீங்கான் தட்டுகள் எல்லாம் ஒன்றாக விழுந்து நொறுங்கின.

"ஸ்தோத்திரம்!" என்று உள்ளே யாரோ பதறினார்கள். விழுந்த அலமாரி கதவை முன்னைவிடக் கெட்டியாக அடைத்துக்கொண்டது.

பாக்கி இருந்தது ஜன்னல். தெருவை வேடிக்கை பார்க்கக் கூடாதென்று கண்ணாடிக்கெல்லாம் அவர் நீலச் சாயம் அடிக்க வைத்திருந்தார். மேலே ஒரு சின்னச் சந்து மட்டும் திறந்திருந்தது. தண்ணீர் டிரம்மின் மூடிமேல் ஏறி அதில் மூக்கை நுழைத்தார். கடைசி பெஞ்சில் பழைய பஸ் டிரைவரின் பிடரி தெரிந்தது.

"டிரைவரே! நான்தான்! கதவைத் திறங்க!"

டிரைவர் திரும்பவில்லை. "மன்னிக்கணும். ஆராதனையில பின்னால திரும்பிப் பார்க்கக் கூடாதுன்னு எங்க டைம்கீப்பர் உத்தரவு."

"யோவ், நான்தான்யா டைம்கீப்பர்!"

"அவர் ஏங்க லேட்டா வரப் போறார்? பெரிய மனுஷர் பேரை இப்படியா கெடுக்கிறது? வர்றதா இருந்தா எல்லாரும் வர்ற வழியா வாங்க. ஜன்னல்ல தொங்காதீங்க."

பதில் சொல்ல வாயைத் திறந்தபோது மூடி உடைந்தது. டைம்கீப்பரின் ஒரு கால் டிரம்முக்குள் தொடை வரை இறங்கியது. வெளியே எடுத்தபோது செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது.

தெருவில் நாயோடு போன ஒரு அம்மாள் நின்று பார்த்தாள். "ஏங்க, இங்க ஞானஸ்நானத்தை வெளியிலேயேதான் குடுப்பாங்களா?"

இரண்டாம் பாட்டு தொடங்கியது.

அவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "ஆண்டவரே, ஒரு நாளாவது நான் லேட்டா வந்திருக்கேனா? நீரே சாட்சி" என்று ஆரம்பித்தார். ஈரக் கால்சட்டையோடு படியில் உட்கார்ந்து அதைச் சொல்ல அவருக்கே கூச்சமாக இருந்தது. "திறந்துவிடும் ஆண்டவரே" என்று மட்டும் சொன்னார். அவருடைய ஜெபங்களிலேயே அதுதான் மிகச் சின்னது.

ஸ்கூட்டர் ஒன்று வந்து நின்றது. கை நிறைய மாவும் இடுப்பில் ஏப்ரனுமாக மருமகன் இறங்கினான்.

டைம்கீப்பரின் கண் பழக்கதோஷத்தில் மணிக்கட்டுக்குப் போனது. "என்ன மாப்பிள்ளை, இதுதான் வர்ற நேரமா?"

"அடுப்பு அணையலை மாமா. அதை விடுங்க, என்ன ஆச்சு? காலெல்லாம் தண்ணி!"

பதிலுக்குக் காத்திராமல் அவன் குனிந்து, ஏப்ரனை அவிழ்த்து மாமனாரின் காலைத் துடைத்தான். தன் செருப்பைக் கழற்றி அவர் காலில் மாட்டினான். எத்தனையோ வண்டிகளை அவர் வழியனுப்பியிருக்கிறார். ஓடி வந்த ஒருவனுக்காகவும் விசிலை வாயிலிருந்து எடுத்ததில்லை.

"மாப்பிள்ளை, நான் வெளியில மாட்டிக்கிட்டேன். பாட்டு முடியப் போகுது. நான் இல்லைன்னா அவ... என்னால ஒண்ணும் முடியலை. நீங்க ஏதாவது பண்ணுங்க."

"அதுக்கென்ன மாமா, வாங்க போகலாம். என் இடமும் காலியாத்தான் இருக்கும். கடைசி பெஞ்ச், டிரைவர் பக்கத்துல."

"உங்க இடமா? நீங்க ஒரு ஞாயித்துக்கிழமைகூட வந்ததில்லையே!"

"ஒரு ஞாயித்துக்கிழமைகூட வராம இருந்ததில்லை மாமா. நீங்க முன் பெஞ்சில ஜெபத்துக்குக் கண்ணை மூடினதும் வருவேன். என்னை மாதிரி ஏழெட்டுப் பேர் வருவோம்."

சொல்லிக்கொண்டே அவன் கைப்பிடியைப் பிடித்து மெதுவாக இழுத்தான். கதவு திறந்தது. உள்ளே குழந்தையோடு எழுந்து நின்ற மகள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டைம்கீப்பர் கதவைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார். "அப்போ... என் பூட்டு?"

மருமகன் அவர் காதோரம் குனிந்து சொன்னான்: "நீங்க மாட்டின வாரமே பாஸ்டர் அதோட நாக்கை அறுத்துட்டார் மாமா; உங்க மனசு நோகக் கூடாதேன்னு சத்தத்தை மட்டும் விட்டு வச்சிருக்கார்."