பதினேழாம் ஜெபக்குறிப்பும் ஒரு மேசை மணியும்

முத்தையாபுரம்,
வியாழக்கிழமை.

கயத்தாற்றில் கணக்கு டீச்சராகவும், ஒன்பது வருடமாக எங்கள்மேல் கோபமாகவும் இருந்துவரும் பிரியமான ரேச்சல் அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் ஜெப்ஸி தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே கர்த்தருடைய கிருபையால் அப்பாவின் சர்க்கரை நூற்று நாற்பதில் நிற்கிறது, அம்மாவின் முழங்கால் மாடிப்படி தவிர மற்ற எல்லா இடத்துக்கும் போய்வருகிறது. அங்கே நீங்களும் உங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும் அல்ஜீப்ராவும் சுகம்தானே. இதையெல்லாம் போனிலேயே கேட்டிருப்பேன். எங்கள் வீட்டு மூன்று நம்பரையும் நீங்கள் பிளாக் செய்து வைத்திருப்பதால் தபால்காரரை நம்ப வேண்டியதாயிற்று. இதோடு ஒரு பாக்கெட் மக்ரூனும் வைத்திருக்கிறேன். உடைந்து வந்தால் தபால் இலாகாவைத் திட்டுங்கள், என்னைத் திட்ட வேறு காரணம் கீழே வருகிறது.

உங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஆம், இல்லை என்று பதில் போட்டால் போதும். ஆனால் அதை இப்போதே கேட்டால் மீதியைப் படிக்காமல் கிழித்துப் போடுவீர்கள், எனக்கு உங்களைத் தெரியாதா. அதனால் முதலில் சந்தோஷச் செய்தி. அத்தை, நான் சொந்தமாக ஒரு வெப்சைட் தொடங்கிவிட்டேன். எனக்கே எனக்கு. நான் எழுதுவதை நானே போடலாம், எந்தப் பத்திரிகையும் 'இடமின்மையால் திருப்பி அனுப்புகிறோம்' என்று சொல்ல முடியாது. சந்தோஷத்தில் வேகவேகமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

பெயர் வைப்பதற்குள் பெரும்பாடு. தூத்துக்குடிக்காரி என்றதும் ஆளாளுக்கு முத்து, முத்துச்சிப்பி, முத்துக்குளியல் என்று அடுக்கினார்கள். இருபத்திரண்டு வயதுவரை நான் முத்தைப் பார்த்தது நகைக்கடைக் கண்ணாடிக்குள்ளேதான், அதுவும் ஹைதராபாத்திலிருந்து வந்ததாம். கடைசியில் 'கண்டெய்னருக்குப் பின்னால்' என்று வைத்தேன். துறைமுகத்தில் நான் பில் டைப் அடிக்கிற ஆபீஸ் ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும் என்று வேலைக்குச் சேரும்போது சொன்னார்கள். திறந்தால் ஐந்தடுக்குக் கண்டெய்னர்தான் தெரிகிறது. பின்னால் கடல் இருக்கிறது என்பது விசுவாசம். கப்பலின் ஊதல் மட்டும் கேட்கும், அதை வைத்து அது எந்த ஊர்க் கப்பல், அதன் சமையல்காரருக்கு யார்மேல் கோபம் என்று நானே கதை கட்டி எழுதுகிறேன். அது ஒரு பகுதி. முத்தையாபுரத்திலிருந்து டவுனுக்குப் போகிற பஸ்ஸில் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஏறுகிற வாசனை பற்றி இன்னொரு பகுதி. 'நான் சொன்ன பொய்கள்' என்று ஒரு பகுதி, அதைப் பற்றித்தான் கேள்வி, பொறுங்கள்.

சத்தமில்லாமல் தொடங்கலாம் என்றிருந்தேன். ஆனால் நம் வீட்டில் புது சைக்கிளுக்கே பிரதிஷ்டை ஜெபம் வைத்தவர் உங்கள் அண்ணன். "ஏளா, ஜெபம் பண்ணாம ஒரு காரியத்த தொடங்குவாவளா?" என்று கேட்டுவிட்டு, தலைமையாசிரியராக இருந்தபோது சுற்றறிக்கை அனுப்பிய அதே நடையில், 'எமது புதல்வியின் இணையதளம் எமது இல்லத்தில் திறந்து வைக்கப்படும்' என்று சபையின் எல்லா வாட்ஸப் குழுவுக்கும் அழைப்பு அனுப்பிவிட்டார். சனிக்கிழமை நாலு மணிக்கு நாற்பது பேர். சபையிலிருந்து பெஞ்சு எடுத்து வந்து போட்டோம். லேப்டாப்பைச் சுற்றி அம்மா ரோஸ் ரிப்பன் கட்டி, இறுக்கமாக முடிச்சும் போட்டுவிட்டாள். சபைப் போதகர் ஐயர் கத்தரிக்கோலோடு வந்து நின்று, மேசையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், "வெப்சைட் எதுலம்மா இருக்கு?" என்று கேட்டார். "இதுக்குள்ளதான் ஐயா" என்றேன். "உள்ள எவ்வளவு பேர் இருக்கலாம்?" என்றார். "எல்லாரும் இருக்கலாம் ஐயா" என்றேன். அவருக்கு அது பிடித்துப்போயிற்று, அதையே வசனமாக வைத்துப் பிரசங்கமும் பண்ணிவிட்டார்.

பிறகு ரிப்பனை வெட்டி, திறந்த லேப்டாப்பின்மேல் வலது கையை வைத்துப் பன்னிரண்டு நிமிஷம் ஜெபம் பண்ணினார். உலகத்தின் கடைக்கோடிவரை என் எழுத்து போய்ச் சேர வேண்டும், மறைவானது ஒன்றும் இல்லாதபடி எல்லாம் வெளிச்சத்துக்கு வர வேண்டும் என்று கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வரிசையாக எல்லாரும் வந்து கையைக் குலுக்கி டீயும் மக்ரூனும் சாப்பிட்டார்கள். என் எழுத்தை அன்றைக்கு ஒருவரும் படிக்கவில்லை, அது வேறு விஷயம்.

மறுநாளிலிருந்து படித்தார்கள் அத்தை, ஆனால் வேறு மாதிரி. அம்மா பெண்கள் ஐக்கியத்தில் எழுந்து நின்று, "எம் மவ வெப்சைட்டுல கீழ ஒரு பெட்டி இருக்கு, மனசுல உள்ளத எழுதலாம்" என்று அறிவித்துவிட்டாள். நான் வைத்திருந்தது கருத்துப் பெட்டி. உப்பளத்தில் திடீர் மழை பெய்து, பாத்தியில் விளைந்த உப்பெல்லாம் கரைந்துபோன நாளைப் பற்றி உயிரைக் கொடுத்து எழுதியிருந்தேன். அதற்குக் கீழே முதல் கருத்து: 'மூட்டுவலி நீங்க ஜெபிக்கவும்.' இரண்டாவது: 'தம்பிக்குத் துறைமுகத்தில் வேலை கிடைக்க.' மூன்றாவது: 'மருமகள் மனம் மாற. பெயர் வேண்டாம்.' எதிர்க்கடை சீனித்தாய் அக்கா இருக்கிறாளே, அவள் மாரியம்மனுக்கு விரதம் இருக்கிறவள், "நானும் ஒண்ணு போடலாமாளா, கடை பிரிட்ஜு குளிர மாட்டேங்குது" என்று கேட்டு எழுத வைத்தாள். மூன்றாம் நாள் பிரிட்ஜ் தானாகக் குளிர்ந்துவிட்டது. அதன்பிறகு கேட்கவே வேண்டாம், சாத்தான்குளம், நாசரேத்திலிருந்தெல்லாம் வருகிறது. நேற்றுவரை அறுபத்தொன்று.

அப்பாவுக்கு ரிட்டயர் ஆனபின் இவ்வளவு உற்சாகம் வந்து நான் பார்த்ததில்லை. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு நோட்டில் எழுதுகிறார், சாயங்கால ஜெபத்தில் சத்தமாக வாசிக்கிறார், பிறகு ஒற்றை விரலால் தட்டித்தட்டி ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கத்துக்குக் குறையாமல் பதில் போடுகிறார். மூட்டுவலிக்கு முருங்கைக்கீரையும் சங்கீதமும் எழுதிக்கொடுக்கிறார். இதில் பதினேழாம் எண்தான் அவரை ரொம்பப் பாதித்துவிட்டது. 'என் அண்ணனோடு ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. யார் முதலில் பேசுவது என்பதில் நிற்கிறது. அவருக்கு நல்ல புத்தி வர ஜெபிக்கவும். இப்படிக்கு, ஒரு சகோதரி' என்று யாரோ பாவம் எழுதியிருந்தார்கள். ஒன்பது வருடம் என்றதும் எனக்கும் ஒரு நொடி உங்கள் ஞாபகம் வந்தது. ஆனால் நீங்கள் வருகைப்பதிவு ஆப்பைக்கூட அடுத்த டீச்சரிடம் கொடுத்துப் போடச் சொல்கிறவர், எங்கே இதையெல்லாம் திறக்கப் போகிறீர்கள்.

அப்பா அன்றைக்கு முட்டுக்கால் போட்டே ஜெபம் பண்ணினார். எழுந்து வந்து என்ன பதில் போட்டார் தெரியுமா? 'அன்புச் சகோதரிக்கு, உங்கள் அண்ணன் செய்வது முழுத் தவறு. ஒன்பது வருடம் என்பது ஒரு குழந்தை பிறந்து நாலாம் வகுப்புக்கு வந்துவிடும் காலம். மூத்தவர்தான் முதலில் பேச வேண்டும். அந்த மனிதர் கல்நெஞ்சக்காரர் என்று நான் சொன்னதாகவே அவரிடம் சொல்லுங்கள். இப்படிக்கு, ஜேசுதாசன், தலைமையாசிரியர் (ஓய்வு).' இதை அவர் வாசித்துக் காட்டியபோது அம்மாவுக்கு ஒரு இருமல் வந்தது பாருங்கள், தண்ணீர் கொடுத்தும் நிற்கவில்லை. இந்தக் காற்றில் உப்பளத் தூசி ரொம்ப இருக்கிறது.

சரி, இனிமேல் தள்ளிப்போட முடியாது, மதியச் சாப்பாட்டு நேரம் முடியப் போகிறது, மேனேஜர் எட்டிப் பார்க்கிறார். அத்தை, ஒன்பது வருடத்துக்கு முந்தைய நம் சபையின் அந்தக் கிறிஸ்துமஸ் விழா. நீங்கள் நீலப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு தனிப்பாட்டு பாடினீர்கள். மூன்றாவது சரணத்தில் இருக்கும்போது மேசையிலிருந்து 'டிங்' என்று மணி அடித்தது. நீளமாகப் பேசுகிறவர்களை உட்காரச் சொல்ல அப்பா வைத்திருந்த மணி. நீங்கள் அப்படியே நிறுத்தி அப்பாவைப் பார்த்தீர்கள், அப்பா சீலிங்கைப் பார்த்தார், இருநூறு பேர் உங்களைப் பார்த்தார்கள். நீங்கள் மேடையைவிட்டு இறங்கி, பையை எடுத்துக்கொண்டு, வாசலில் நின்ற பஸ்ஸில் ஏறிப் போய்விட்டீர்கள். நிகழ்ச்சி நடத்தியவர் அப்பா, அதனால் மணி அடித்ததும் அப்பாதான் என்று சபை முழுக்க இன்றுவரை பேச்சு. பாட்டு நீளுது, என் ஸ்பீச்சுக்கு நேரமில்லாம போகுதுன்னு தங்கச்சியவே உக்கார வச்சுட்டாரே மனுசன், என்று.

அப்பா அடிக்கவில்லை. நான் அடித்தேன். எனக்குப் பதிமூன்று வயது. அப்பா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கு அடுத்து நான் மனப்பாட வசனம் சொல்ல வேண்டும், நீங்கள் ஒரு சரணம் பாடப்பாட எனக்கு ஒரு வசனம் மறந்துகொண்டே வந்தது. நீங்கள் சீக்கிரம் முடித்தால் மிச்சம் இருக்கிறதையாவது சொல்லிவிடலாம் என்று, யோசிக்காமல், கையை நீட்டி ஒரு தட்டு. அவ்வளவுதான். அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, என்றைக்குமே சொல்லவில்லை. நான் மேடை ஏறி, வசனம் மொத்தமும் மறந்து நின்றேன். ஆறுதல் பரிசாக ஒரு சோப்பு டப்பா கொடுத்தார்கள், அதில் இன்றுவரை நான் சோப்பு வைத்ததில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் உங்கள் நாற்காலி காலியாகக் கிடக்கும்போது சொல்லிவிடலாம் என்று வாய்வரை வரும், அப்புறம் கேக்கை எடுத்து அடைத்துக்கொள்வேன்.

'நான் சொன்ன பொய்கள்' பகுதிக்கு இதை எழுதினேன். 'மணி' என்று தலைப்பு. நான் இதுவரை எழுதியதிலேயே இதுதான் உருப்படி என்று எனக்கே தெரிகிறது. மற்றதெல்லாம் வார்த்தை ஜோடனை, இது மட்டும் நிஜம். ஆனால் இது உங்களுக்கு நடந்தது, என் இஷ்டத்துக்கு ஊருக்குக் காட்ட எனக்கு உரிமை இல்லை. அதனால் வெளியிடாமல் டிராஃப்டாக உள்ளேயே பூட்டி வைத்திருக்கிறேன். அப்பாவுக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரியாது, உலகத்தில் ஒரு ஜீவன் படித்ததில்லை. நீங்கள்தான் முதலில். கேள்வி இதுதான்: போடட்டுமா? வேண்டாம் என்றால் அழித்துவிடுகிறேன், நிஜமாக. ஆனால் பதிலில் இன்னொரு வரியும் சேர்த்து எழுதுங்கள் அத்தை, என்னை மன்னிக்க முடியுமா என்று. முடியாவிட்டாலும் அப்பாமேல் உள்ள கோபத்தையாவது என் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். வருகிற ஞாயிறு நம் சபையில் அசன விருந்து, கறிச்சோறு வாசனை ஹார்பர்வரை போகும், உங்களுக்கு இலை போட்டு வைக்கச் சொல்ல எனக்கு ஆசை.

உங்கள் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காத்து, உங்கள் பிள்ளைகளுக்குக் கணக்கில் பாஸ் மார்க்கும் உங்களுக்கு என்மேல் இரக்கமும் தருவாராக.

இப்படிக்கு,
மணி அடித்த கையாலேயே எழுதும்,
ஜெப்ஸி

பின்குறிப்பு: அத்தை, மேலே எழுதியதில் ஒன்றையும் நம்பாதீர்கள். மக்ரூன் மட்டும் நிஜம். உறையை ஒட்டாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தது நல்லதாகப் போயிற்று. எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் கிளைட்டன் அண்ணன் இப்போதுதான் போன் பண்ணினார். "ஜெப்ஸி, 'மணி'ய எழுதினது நீதானா? நேத்து எங்க அம்மைக்கு வாசிச்சுக் காட்டினேன், அழுதுட்டாவ" என்றார். அது பிரதிஷ்டை அன்றைக்கே, சரியாக நாலு இருபதுக்கு வெளியாகியிருக்கிறது. அப்போது ஐயருடைய கை லேப்டாப்மேல் இருந்தது. மறைவானதெல்லாம் வெளிச்சத்துக்கு வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டே அவரே பட்டனை அழுத்தியிருக்கிறார்.

ஓடிப்போய்த் திறந்தேன். இருநூற்றுப் பதினாலு பேர் படித்திருக்கிறார்கள். கீழே ஒரே ஒரு கருத்து, அரைமணி நேரத்துக்கு முன்னால் வந்தது. நீங்கள் எழுதியதை உங்களுக்கே எழுதிக் காட்டுகிறேன், என்னால் அடக்க முடியவில்லை:

'ஏளா ஜெப்ஸி, உங்க அம்மா நம்பர நான் என்னைக்குமே பிளாக் பண்ணல, அவதான் லிங்க் அனுப்பினா. மணிய நீதான் அடிச்சேன்னு அன்னைக்கே தெரியும், மேடையில நின்னவளுக்கு உன் கை தெரியாதா. எனக்கு மணி பெருசில்ல. எங்க அண்ணன், நீ பாடு ரேச்சல்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் மிச்சத்தயும் பாடியிருப்பேன். அத நெனச்சுத்தான் ஒன்பது வருசம். பதினேழாம் நம்பரும் நான்தான். கல்நெஞ்சக்காரர்னு அண்ணன் கையாலயே எழுதினத நாலு தடவ வாசிச்சேன், வயிறு வலிக்கச் சிரிச்சேன். ஞாயித்துக்கிழமை வாரேன். மணிய எடுத்து ஒளிச்சு வை.'

நிமிர்ந்து பார்த்தால் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் பின்னால் நிற்கிறார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. "தள்ளி உக்காரு" என்றார். உட்கார்ந்து, அந்தப் பெட்டியைக் கண்டுபிடித்து, ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தார். ஒரு பக்கம் வரப்போகிறது, முருங்கைக்கீரையும் வரும் என்று நினைத்துக்கொண்டு நான் தண்ணீர் எடுக்கப் போனேன். திரும்பி வரும்போது அனுப்பி முடித்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். மூன்றே வார்த்தைகள் இருந்தன.

நீ பாடு, ரேச்சல்.