ஆமைக்குப் போட்ட பத்தியம்

காத்தான்குடி,
சனிக்கிழமை, அசர் தொழுகைக்குப் பிறகு.

அன்புள்ள மருமகன் ஷிஹானுக்கு,

மாமா அப்துல் கபூர் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் மகள் நிஸ்றாவும் கட்டார் வெயிலில் வாடாமல் இருக்க துஆச் செய்கிறேன். இங்கே உங்கள் மாமி ஸஹீதா சுகம். மூன்று மாதத்துக்கென்று நீங்கள் எங்களிடம் விட்டுப்போன ஆமைகள் சுல்தானும் வஸீரும் மிக மிகச் சுகம். சுகமில்லாதது நான் ஒருவன்தான். வாட்சப்பில் சொல்லலாம், ஆனால் போன் மாமியின் கையில் இருப்பதால் தபால் கந்தோருக்கு நடக்கப்போகிறேன்.

பிரிஜ்ஜில் நீங்கள் ஒட்டிய தாளை நான் முதலில் வாசிக்கவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். முக்கால் பங்கு கீரை, கால் பங்கு ஆமைத் தீனி, கிழமைக்கு இரண்டு தரம் உப்பில்லாமல் அவித்த மீன், இரவில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் சாப்பாடு என்று பிறகு பார்த்தபோது எனக்கு மனம் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியை ஒருநாள் விட்டு ஒருநாள் பட்டினி போடுவது நம் குடும்பத்தில் வழக்கமில்லையே. அதனால் காலையில் நான் சாப்பிடும் புட்டு, பத்து மணிக்குப் பாண், வெள்ளிக்கிழமை இனிக்க இனிக்க வட்டிலப்பத்தில் ஒரு ஓரம் என்று கொடுத்து வந்தேன். அவர்களும் குறை சொல்லவில்லை. ஒரு மாதம் போனதும் சுல்தானுக்குக் கால்களை ஓட்டுக்குள் இழுக்க முடியவில்லை. பயந்துபோய், வாளியில் வைத்து, ஆட்டோ பிடித்து, புளியந்தீவில் இருக்கும் மிருக வைத்தியர் உதயரூபனிடம் ஓடினோம்.

“என்ன ஐயா குடுத்தீங்க?” என்றார்.

“பெரிசா ஒண்டுமில்ல டொக்டர். நான் திண்டதத்தான்.”

அவர் சுல்தானை ஒருதரம் பார்த்தார். என் சேர்ட் பொத்தான்களை ஒருதரம் பார்த்தார். “அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே பத்தியம்தான்,” என்று சிரித்தார். மனிதர் பகிடிக்குச் சொன்னார். உங்கள் மாமி மருந்துச்சீட்டாக எடுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அந்தத் தாள்தான் வீட்டின் சட்டம். காலையில் அவர்களுக்கு வல்லாரை, எனக்கும் வல்லாரை. பகல் அவர்களுக்குக் கங்குன் கீரை, எனக்கும் கங்குன் கீரை. ஆமைத் தீனி ஒன்றுதான் எனக்கு இல்லை, அதுவும் விலை கூட என்பதால். இரவுச் சாப்பாடு ஒருநாள் விட்டு ஒருநாள். அரை மணி நேரம் வெயில் காயவேண்டும் என்று தாளில் இருந்ததால் முற்றத்தில் ஆமைத் தொட்டிக்குப் பக்கத்தில் எனக்கும் கதிரை போடப்பட்டது. சைக்கிளில் போன அடுத்த வீட்டு நிஸ்தார், “என்ன காக்கா, கருவாட்டுக்கா காயிறீங்க?” என்று கேட்டுவிட்டுப் போனான். மாமியிடம் நியாயம் கேட்டால், “சீனி வருத்தக்காரன் வட்டிலப்பம் திண்டா சரி, கீர திண்டா அநியாயமா? ஆம எத்தின வருசம் உசிரோட இருக்கு, தெரியுமா?” என்கிறாள். இப்படி இருந்து என்னத்துக்கு மருமகன்?

போன செவ்வாய் பொறுக்க முடியாமல் ஒரு மாட்டிறைச்சிக் கொத்து ரொட்டி வாங்கி வந்து, அவள் தேடாத இடம் என்று தொட்டிக்குள் இருக்கும் செங்கல்லின் மேல் வைத்துத் திறந்தேன். முதல் வாய் வைக்கமுன் செருப்புச் சத்தம். மறைக்கப்போன அவசரத்தில் பார்சல் தண்ணீருக்குள் விழுந்தது. மாமி வந்து நிற்க, சுல்தான் வாயில் ஒரு முழ ரொட்டி தொங்க அவளைத் தலைநிமிர்ந்து பார்க்கிறார்.

“இது என்னது?”

“கீரத்தண்டு புள்ள.”

“கீரயில எப்ப இருந்து இறைச்சி காய்க்கிது?”

அன்று எனக்கும் சுல்தானுக்கும் இரவுச் சாப்பாடு இல்லை. ஒரு குற்றமும் செய்யாத வஸீருக்கும் இல்லை.

ஆகவே மருமகன், உங்கட காலப் பிடிச்சுக் கேக்கிறன், அடுத்த பிளேனில் யாராவது வந்து இந்த இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள். இல்லையென்றால் ஆமைக்குச் சோறும் ஆணமும் நல்லது என்று ஒரு புதுத் தாளாவது அனுப்புங்கள். அல்லாஹ் உங்கள் தொழிலிலும் ஆயுளிலும் பறக்கத் செய்வானாக. மகளுக்கு என் சலாம்.

இப்படிக்கு,
மெலிந்துவரும் மாமா,
அப்துல் கபூர்.

பி.கு: உறையை ஒட்டப்போன நேரம் முற்றத்தில் மாமி போட்ட கூச்சலில் ஓடிப்போனேன். சுல்தான் பூச்சாடி மண்ணைத் தோண்டி ஐந்து முட்டை இட்டிருக்கிறார். டொக்டருக்குப் போன் போட்டோம். ஆண் துணை இல்லாமலும் இடுமாம், குஞ்சு வராதாம். ஆனால் உடம்பு பெலன் குறைந்திருக்கும், கொஞ்ச நாளைக்கு மீனும் இறாலும் கூட்டிக் கொடுங்கள் என்றார். மாமிக்குக் கண் கலங்கிவிட்டது. “புள்ளப் பெத்தவளுக்கா இவ்வளவு நாளும் எலயப் போட்ட நான்?” என்று பழைய தாளைக் கிழித்துவிட்டு இறால் வாங்கப் போயிருக்கிறாள். ரெண்டு பேருக்கும் ஒரே பத்தியம் என்ற சட்டம் மட்டும் மாறவில்லை. ஆகையால் மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். டிக்கெட் போட வேண்டாம். ஆறுதலாக இருந்து வாருங்கள். வஸீரும் பெண்ணாக இருக்க துஆச் செய்யுங்கள்.