பேய் குடித்த டீசல்

புல்டோசருக்குப் பேய் பிடித்துவிட்டது என்ற செய்தி ஊரெல்லாம் பரவ அரை நாள்கூட ஆகவில்லை. வேலைக்குப் போக வேண்டியவர்கள் மண்மேட்டுக்கு வந்தார்கள். அடுப்பை அணைக்காமல் ஓடி வந்தவர்களும் உண்டு. வராமல் இருப்பார்களா? மனிதரைப் பேய் பிடித்ததாகத்தான் இதுவரை கதை. இருபது டன் இரும்பைப் பிடித்த பேயை யார் பார்த்திருக்கிறார்கள்!

அந்த இரும்பை ஓட்டுகிறவரை ஊர் 'இன்ஜின் டாக்டர்' என்று அழைத்தது. இன்ஜின் இருமினாலே என்ன நோய் என்று சொல்லிவிடுவாராம். அந்தப் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டவரும் அவரேதான்.

வேலை இதுதான்: மேட்டை வெட்டி, மண்ணைச் சரிவில் தள்ளி, ஆற்றோரம் கரை எழுப்ப வேண்டும். போன மழையில் கீழ்த்தெருவுக்குள் இடுப்பளவு தண்ணீர் புகுந்தது. டாக்டரின் வீடும் அதே தெருவில்தான். அடுத்த மழைக்குள் கரை எழாவிட்டால், கட்டிலின் மேல் நாற்காலி போட்டு அதன்மேல் குடும்பத்தோடு உட்கார வேண்டியதுதான்.

சமதரையில் புல்டோசர் சமர்த்தாக ஓடியது. மேட்டில் ஏறி, பிளேடை இறக்கி, மண்ணைத் தள்ளிக்கொண்டு சரிவில் மூக்கைக் கவிழ்த்ததும் இரண்டு இருமல், ஒரு குலுக்கல், அவ்வளவுதான். உயிர் போய்விடும். டாக்டர் தலையைச் சொறிந்தார். சொறிந்து முடிப்பதற்குள் மேட்டுச்சாமி வந்துவிட்டார்.

மேட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டிருந்தவர். கறுப்புச் சால்வை, காது வரை தாடி.

"அடியில ஒரு ஆவி படுத்திருக்கு. அதோட முதுகுல சங்கிலிப் பட்டையோட ஏறுனா சும்மா விடுமா?" என்றார்.

மருந்து, மந்திரித்த டீசல். நிபந்தனைகள் சில. டேங்கர் வந்து நிரப்பும் நேரம் தவிர, டேங்க் மூடியைச் சாமி மட்டுமே திறக்கலாம். சாவி அவரிடம்தான் இருக்கும். ராத்திரிக் காவலும் அவரே. வேறு யாராவது பக்கத்தில் வந்தால் பார்வை போய்விடும். எவ்வளவு பெரிய மனது பாருங்கள்! தெருவே காசு சேர்த்துக் கொடுத்தது.

தினமும் அதே கூத்து. சரிவில் வண்டி நிற்கும். சாமி முணுமுணுத்துக்கொண்டே கேன் கேனாக ஊற்றுவார். "இப்ப அடி பம்பை!" என்று கத்துவார். டாக்டர் பயபக்தியோடு கைப்பம்பை அடித்து, குழாயில் நின்ற காற்றை வெளியேற்றுவார். இன்ஜின் உறுமும். கூட்டம் மண்ணில் விழும். டாக்டரும் இறங்கி வந்து விழுவார்.

டீசல் தீர்ந்து நின்ற எந்த வண்டியும் டீசல் ஊற்றிக் காற்றை எடுத்தால் ஓடும் என்பது அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் அளவு காட்டும் முள் செத்து வருடங்கள் ஆகியிருந்தன. டேங்கர் வண்டி வந்து நிரப்புவதை மாலையில் தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார். நிரப்பியது எங்கே போகும்? பேய் இருக்கும் என்று நம்ப முடிந்தவருக்குத் திருடன் இருப்பான் என்று நம்ப முடியவில்லை.

ஒருநாள் வானம் கறுத்தது. காண்ட்ராக்டர் வந்து, "நாளைக்கும் நின்னா மெஷினை வேற வேலைக்கு ஏத்திடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். டாக்டர் வீட்டில் சாப்பாட்டைத் தொடவில்லை.

மெழுகுவர்த்திப் பட்டறையில் வேலை செய்யும் அவர் மனைவி கேட்டாள்: "ஏங்க, சமதரையில ஓடுது, கவுந்தா நிக்குது. எங்க மெழுகுப் பாத்திரத்துல அடியில கொஞ்சமா இருந்தாலும் அப்படித்தான். சாய்ச்சா எல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கிடும். டேங்க்ல டீசல் இருக்கா?"

"நான் பாத்து நிரப்புனதுடி!"

"காலையில பாத்தீங்களா?"

"மூடியைத் தொட்டா கண்ணு போயிடும்."

"இப்ப மட்டும் கண்ணு இருக்கா?"

டாக்டருக்குச் சுருக்கென்றது. அவளையும் கூட்டிக்கொண்டு மேட்டுக்குக் கிளம்பினார்.

டேங்கர் அன்று தாமதமாக வந்தது. சாமி சாவியைக் கொடுத்துவிட்டுக் கொட்டகைக்குச் சாப்பிடப் போயிருந்தார். அதன் டிரைவர் பார்த்துக்கொண்டிருக்க, மெழுகுக்குப் போடும் சிவப்புச் சாயப்பொடியைக் கரைத்து மனைவி டேங்கில் ஊற்றினாள். டாக்டர் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்தார். "பேய்க்குக் கோவம் வந்துட்டா?" என்றார். "வந்தா என்கிட்ட அனுப்புங்க" என்றாள். பிறகு வழக்கம்போல மூடியைப் பூட்டி, சாவியைச் சாமியிடம் கொடுத்தார்கள்.

மறுநாள் வழக்கம்போலச் சரிவில் வண்டி நின்றது. சாமி கேனைத் தூக்கினார். டாக்டரின் மனைவி ஒரு கண்ணாடி பாட்டிலோடு முன்னால் வந்தாள். "சாமி, வீட்டுல வைக்கக் கொஞ்சம் குடுங்க."

பக்தையின் ஆசையை மறுக்க முடியுமா? ஊற்றினார். பாட்டில் செக்கச்செவேல் என்றிருந்தது.

சாமி ஒரு நொடி விழித்தார். மறுநொடி, "ரத்தம்! ஆவியோட ரத்தம்!" என்று அலறினார். கூட்டம் தொப்பென்று விழுந்தது. வெட்கக்கேடு, டாக்டருக்கும் முழங்கால் பாதி மடங்கிவிட்டது.

அவள் சொல்லி வந்திருந்த டேங்கர் டிரைவர் சிரித்தே விட்டார். "என்னய்யா ரத்தம்? நேத்து இந்தம்மா என் கண்ணு முன்னால டேங்க்ல ஊத்தின சாயம். டேங்க்ல ஊத்தினது உன் கேனுக்கு எப்படி வந்துச்சு?"

டாக்டர் மடங்கிய காலை நிமிர்த்தினார். சாமியின் இடுப்பிலிருந்து சாவியைப் பிடுங்கி மூடியைத் திறந்தார். அடியில் கொஞ்சம் சிவப்பு, மீதியெல்லாம் வெற்றிடம். கொட்டகையில் சிவப்பு டீசலோடு இன்னும் நாலைந்து கேன்கள் கிடைத்தன. சால்வையைப் போட்டுவிட்டு ஓடிய சாமியைத் தெருமுனையிலேயே மடக்கினார்கள்.

டேங்கை நிரப்பிக்கொண்டு வண்டி நிற்காமல் சரிவில் இறங்கியது. இருட்டுவதற்குள் கரை பாதி எழுந்துவிட்டது.

டாக்டர் வியர்வையோடு இறங்கியபோது, பக்கத்து வீட்டுக்காரம்மா மனைவியிடம் குழைந்துகொண்டிருந்தார். "அந்தச் சிவப்புப் பொடிக்கு அவ்ளோ சக்தியாம்மா? சாமியையே ஓட வச்சுதே! ஒரு சிட்டிகை குடு, வாசல்ல வைக்கிறேன்." பின்னால் ஒரு வரிசையே நின்றது.

டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"தாயே, என்னை மாதிரி முட்டாள் ஒரு தெருவுக்கு ஒருத்தன் போதும். நானே டீசல் நிரப்பி, நானே பம்பை அடிச்சு, நானே அவன் கால்ல விழுந்தவன். என் மூளை இன்னிக்குத்தான் ஸ்டார்ட் ஆச்சு. உங்களுதையும் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. அதுக்குப் பொடி வேணாம். 'ஏன்'னு ஒரு கேள்வி போதும்!"