டைகரை அவிழ்த்துவிட்ட திங்கட்கிழமை

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, நம் திருவண்ணாமலையில் நடந்த ஒரு நாய்க் கதை சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். நடுவில் அழுகை வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

செங்கம் சாலையில், ஆசிரமத்தைத் தாண்டி, சந்திரம்மாள் நாய்ச் சங்கிலி காலில் சுற்றிக்கொள்ளத் தடுமாறி நின்றாள். டைகர் முன்னால் இழுத்தது. அவள் முழங்கால் பின்னால் இழுத்தது.

கணவர் சின்னசாமிக்கு நெஞ்சு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தபோது, அவர் ஒரு வருஷம் திங்கட்கிழமைதோறும் நடந்தே மலையைச் சுற்றுவார் என்று அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொண்டவள் சந்திரம்மாள்தான். வாய் அவளுடையது, கால் அவருடையது. அவரும் டைகரோடு வாரம் தவறாமல் போய்வந்தார். ஒரே ஒரு திங்கள் மிச்சமிருக்கும்போது தூக்கத்திலேயே போய்விட்டார்.

அந்தக் குறையோடு அவர் ஆத்மா அலையக் கூடாது. வருஷத் திதி முடிந்ததும், அவர் நாயைக் கூட்டிக்கொண்டு அவளே கிளம்பிவிட்டாள். வழியில் எங்கும் வண்டி ஏறாமல் சுற்றி முடிக்க வேண்டும்.

"வாயில்லா ஜீவன ஏம்மா இப்படிக் கட்டி இழுக்கற? அவுத்துவுடு, அதுவே வரும்," என்றாள் பூக்கார திரௌபதி.

அவிழ்த்தாள். டைகர் நேராகப் போய், சாலையோரம் ஒரு குடும்பம் பிரித்து வைத்திருந்த புளியோதரையில் வாயை வைத்தது. குழந்தை வீறிட்டது.

"பொது இடத்துல நாய அவுத்துவுடலாமா? கடிச்சா யாருங்க பொறுப்பு?" என்று அப்பாக்காரர் எகிறினார்.

"கடிக்காதுங்க. வயசான நாயி, பல்லு கம்மி."

"புளிசாதம் திங்க மட்டும் பல்லு ஜாஸ்தியா?"

மறுபடி கட்டினாள். டைகர் நடுரோட்டில் படுத்து ஊளையிட்டது. கூட்டம் கூடிவிட்டது.

"கழுத்து நெரியுது பாரு, அவுத்துவுடு!"

"அவுத்தா புள்ளைங்க எப்படி நடக்கும்? கட்டு!"

"சரிங்க, கட்டவும் வேணாம், அவுக்கவும் வேணாம்," என்று சந்திரம்மாள் சங்கிலியைக் கழற்றி, தன் முந்தானை நுனியைக் கழுத்துப் பட்டையில் முடிந்தாள்.

இரண்டு கட்சியும் ஒப்புக்கொண்டது. டைகர் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரே பாய்ச்சல். முந்தானை டர்ரென்று கிழிந்தது. அவள் குப்புற விழுந்தாள். முழங்கால் இரண்டிலும் ரத்தம்.

"நாயும் போச்சு, சேலையும் போச்சு," என்று திரௌபதி தூக்கிவிட்டாள். "ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாம்மா."

"போனா பாதியில நின்னுடுமே," என்று சந்திரம்மாள் அழுதாள். "இருக்கும்போதுதான் அவர விரட்டிக்கிட்டே இருந்தேன். செத்த பிறகாவது இந்த ஒண்ண முடிச்சுக் குடுக்க வேணாமா?"

நொண்டி நொண்டி நடந்தாள். கிரிவலப் பாதை திரும்பும் இடத்தில், புளிய மரத்தடியில் ஓர் ஆட்டோ. அதன் பின்சீட்டில், கழுத்தில் கிழிந்த முந்தானையோடு, மாப்பிள்ளை போல உட்கார்ந்திருந்தது டைகர்.

"எறங்குடா கீழ! வண்டில ஏறுனா வேண்டுதல் கெட்டுடும்!"

ஆட்டோக்கார சக்திவேல் பதறி இறங்கினான். அவனுக்கும் கண் கலங்கியிருந்தது.

"அதத் திட்டாதீங்கம்மா. இந்த மரத்தாண்ட வரைக்கும்தான் உங்க வீட்டு அய்யாவுக்கு மூச்சு தாங்கும். அதுக்கு மேல வாராவாரம் நாங்க மூணு பேரும் இந்த ஆட்டோவுலதான் மலையச் சுத்துவோம், 'அவ மனசு ஒடிஞ்சிடும், சொல்லிடாதப்பா'ன்னு கையப் புடிச்சிப்பாரு."

உங்கள் வீட்டில் வலிக்கிறவர்கள் வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லட்டும், பக்கத்தில் இருப்பவர்கள் காதில் அது விழட்டும், எல்லாரும் நன்றாக இருங்கள் கண்ணுகளா.