ஒரு வார்த்தை விடாமல் கேட்டது

வீட்டிலேயே வீடியோ எடுத்துப் போடுவது சுலபம் என்று சொல்பவர்களை எல்லாம், ஒரு வாரம் பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷினுக்குப் பக்கத்து வீட்டில் குடிவைக்க வேண்டும். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

நான் நல்லூரில் இருந்துகொண்டு தையல் வீடியோ போடுகிறவள். பனியன் துணியில் கழுத்துப்பட்டி வைப்பது எப்படி, குழந்தைக்கு ஜட்டி வெட்டுவது எப்படி, இந்த மாதிரி. வீடியோவில் என் கைகள் மட்டும்தான் தெரியும். (முகத்தைக் காட்ட வீட்டுக்காரர் வேண்டாம் என்றார். காரணம் கேட்டு ஒரு நாள் சண்டை.) பக்கத்துக் கட்டடத்தில் நிட்டிங் மெஷின் ஓட்டுவது வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரருடைய அக்கா, நங்கையா. அந்த மெஷின் சத்தத்தில் நான் பேசுவது யாருக்கும் கேட்காது. "அக்கா, பஸ்ல உக்காந்தா தைக்கிறீங்க?" என்று ஒருத்தி கமெண்ட் போட்டாள்.

நேரே போய்க் கேட்டேன். "ஏனுங்க நங்கையா, ஒரு அரை மணி நேரம் மெஷின நிறுத்தறீங்களா?"

"பொழப்ப நிறுத்திப்போட்டு நீ படம் புடிக்கறதா அம்மணி?" என்றார்.

சரி, நாமே பார்த்துக்கொள்வோம் என்று இறங்கினேன். ஜன்னலில் கம்பளி. சுற்றிலும் வெட்டிப்போட்ட துணித்துண்டு, அதுதான் கட்டிங் வேஸ்ட், மூட்டை மூட்டையாக. ஃபேனை நிறுத்தினேன். வீட்டுக்காரரின் கண்ணாடி உடைந்த பழைய போனில் ரெக்கார்டரைப் போட்டு இடுப்பில் செருகி, இயர்போன் மைக்கைச் சேலையில் ஊக்கு வைத்துக் குத்தினேன். படம் ஒரு போனில், குரல் இன்னொன்றில். இரண்டையும் சேர்க்க அடையாளமாக, ஆரம்பத்தில் கேமரா முன்னால் ஒரு கைதட்டல். வேர்வை ஆறாக ஓட, தட்டினேன், பேசினேன். அந்த நொடியில் பக்கத்தில் இரண்டாவது மெஷினையும் போட்டுவிட்டார்கள்!

கேமராவை நிறுத்தினேன். மேஜையில் ஓங்கி ஒரு அறை அறைந்தேன்.

"இந்தம்மா வாய்க்கும் அந்த மெஷினுக்கும் ஒரே வித்தியாசந்தானுங்க, கரண்ட் போனா மெஷினாவது நிக்கும்! எம்பட பட்டுச்சேலைய வாங்கிக் கட்டிட்டுப் போயி, இன்னும் திருப்பிக் குடுக்கத் தெரியல!" இது தொடக்கம் மட்டும். மீதியை எழுதினால் அச்சேறாது. வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆத்திரமெல்லாம் கொட்டி முடித்து, தண்ணீர் குடித்து, மறுபடி கேமராவைப் போட்டு, கைதட்டி, தேனொழுகப் பாடம் நடத்தினேன். இடுப்பில் இருந்த ரெக்கார்டரை இடையில் நிறுத்தவே இல்லை என்பது எனக்கு நினைவில்லை.

படத்தையும் குரலையும் சேர்த்தது வீட்டுக்காரர். கைதட்டலுக்குப் பதிலாக, நான் மேஜையில் அறைந்த சத்தத்தைப் பொருத்திவிட்டார். படத்தில் என் கைகள் பொறுமையாகக் கழுத்துப்பட்டி வைக்கின்றன. குரலில் நங்கையாவின் மானம் போகிறது. அதை என் சேனலில் ஏற்றியதோடு, சொந்தக்காரர்கள் வாட்ஸப் குரூப்பிலும் போட்டு, 'சவுண்ட் இப்ப சூப்பர்' என்று எழுதியிருந்தார்.

"போடறதுக்கு முன்னால கேட்டுப் பாக்கலீங்களா?" என்று கத்தினேன்.

"தட்டற சத்தம் சரியா இருந்துச்சு. அதுக்கப்பறம் கேக்கறதுக்கு என்ன இருக்குது? உன் பேச்ச நான் தெனமுந்தான கேக்கறேன்!"

அழித்துப் பயனில்லை, அதற்குள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். நங்கையா வந்தார். மன்னிப்பு கேட்க வாயைத் திறந்தேன், அவர் விடவில்லை. பட்டுச்சேலையைத் தையல் மெஷின் மேல் வீசினார். மஞ்சள் கறையோடு!

"உன் பழைய வீடியோவுல ஒரு மண்ணும் கேக்காது கண்ணு. இதுல ஒரு வார்த்தை உட்டுப்போகல. ரெண்டு தடவை கேட்டேன்," என்றவர் திரும்பிப் போய் இரண்டு மெஷினையும் ஓட விட்டார்.

அன்றிலிருந்து எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் நங்கையா என் கையைப் பிடித்து நாலு பேர் நடுவில் நிறுத்துகிறார். "எந்தம்பி சம்சாரமுங்க. பேசுனா அத்தனையும் தெளிவாக் கேக்குமுங்க." மண்டபமே சிரிக்கிறது. அதில் பெரிய சிரிப்பு என் வீட்டுக்காரருடையது.